தலையில் அடிபட்டவரை வீட்டில் பார்ப்பவர்களின் மன அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்தில் தலையில் அடிபட்டோ, விழுந்தோ, மூளைக்குள் இரத்தம் கசிந்தோ ஒருவர் படுத்துவிட்டால் எல்லோரும் அவரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியையோ அம்மாவையோ தங்கையையோ யாரும் விசாரிப்பதில்லை. இந்தப் பக்கம் அவர்களுக்கானது. கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம்.

வாட்டில் இருந்த மூன்று கிழமையும் தாக்குப்பிடித்தேன். வீட்டுக்கு வந்து நாலு மாதமான பிறகு ஏன் இப்படி உடைந்து போகிறேன்?

வாட்டில் இருந்தபோது கேள்வி ஒன்றுதான்: பிழைப்பாரா, மாட்டாரா? அந்தப் பதற்றத்தில் உடம்பு தன் களைப்பை மறந்து ஓடும். தாதிமார் இருந்தார்கள், சொந்தக்காரர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாதிமார் எல்லோருடைய வேலையும் உங்கள் ஒருவர் தலையில் விழுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் பார்க்க வருகிறவர்களும் குறைந்துவிடுவார்கள். முன்னேற்றத்தின் வேகமும் போகப்போகக் குறையும். மூளைக் காயத்தில் வேகமான மாற்றம் பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் தெரியும். அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு, வருடக் கணக்கில் தொடரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக நடக்கும்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் உறவினரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறவினரின் சுமை முதல் வருடத்தைவிட ஐந்தாம் வருடத்தில் கூடியிருந்தது. நீங்கள் நாலாம் மாதத்தில் களைத்துப்போவது பலவீனம் இல்லை. நீண்ட வேலைக்குக் குறுகிய வேலையின் ஏற்பாட்டோடு இறங்கியிருக்கிறீர்கள். மாற்ற வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

கை கால் வராததுகூடப் பரவாயில்லை, குணம் மாறியதைத்தான் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா?

இல்லை. இதைக் குடும்பத்தில் எல்லோரும் புரிந்துகொண்டால் வீட்டுச் சண்டையில் பாதி குறையும்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் நம்மைப் பொறுக்க வைக்கிறது, திட்டமிட வைக்கிறது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் தடுக்கிறது. வேகமாக ஓடிய வாகனம் சட்டென்று நிற்கும்போது மூளை மண்டையோட்டின் உள்பக்கத்து மேடு பள்ளங்களில் உரசும். அதிகம் அடிபடுவது முன்மடலும் காதோரமுள்ள பக்கமடலும்தான். எனவே கால் நன்றாக நடக்கலாம், பேச்சும் தெளிவாக இருக்கலாம், ஆனால் பொறுமை மட்டும் போயிருக்கும். வெளியாள் பார்த்தால் "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்பார்.

இதன் இன்னொரு முகம் சோம்பல் போலத் தெரியும். காலையிலிருந்து ஒரே கதிரையில் இருப்பார். குளிக்கச் சொன்னால் "சரி" என்பார், எழும்ப மாட்டார். இங்கே கெட்டுப்போனது தொடங்கும் திறன். "குளியுங்கோ" என்பதைவிடத் துவாயைக் கையில் கொடுத்து, "எழும்புங்கோ", பிறகு "வாங்கோ", பிறகு "தண்ணியைத் திறவுங்கோ" என்று ஒவ்வொரு படியாகச் சொன்னால் வேலை நடக்கும்.

"எனக்கு ஒன்றுமில்லை, நான் வேலைக்குப் போகப்போகிறேன்" என்று பிடிவாதம் பிடிப்பதும் காயத்தின் பகுதிதான். தன் குறையைத் தானே உணரும் பகுதி அடிபட்டிருக்கிறது. வாதாடி வெல்ல முடியாது. "டொக்டர் அடுத்த கிளினிக்கில் பார்த்துச் சொல்லட்டும்" என்று தள்ளிவைத்து, மோட்டார் சைக்கிள் சாவியை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு காரணமும் இல்லாமல் கத்துகிறார். அந்த நேரம் என்ன செய்வது?

காரணம் பெரும்பாலும் இருக்கும், நமக்குத்தான் தெரிவதில்லை. அதைப் பிடிக்க ஒரு சாதாரணக் கொப்பி போதும். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்கு முந்திய அரை மணி நேரம் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாங்கள் என்ன செய்தோம். நேரத்தையும் குறியுங்கள். பத்து நாள் எழுதினால் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

வழக்கமாகப் பிடிபடுவது களைப்பு, சத்தம், பசி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலி. சத்தத்தை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. கொட்டாஞ்சேனையில் நெருக்கமான வீடொன்றில் மாலை ஆறு மணியை நினைத்துப் பாருங்கள்: குக்கர் விசில், தொலைக்காட்சி நாடகம், பிள்ளையின் பாடம், வாசலில் ஆட்டோ, கோவில் ஒலிபெருக்கி. நமது மூளை இதில் வேண்டாததை வடிகட்டிவிடும். காயப்பட்ட மூளைக்கு எல்லாம் ஒரே சத்தமாக உள்ளே போகும். ஆறு மணிச் சண்டை என்றால் ஐந்தரைக்கே அவரைப் பின் அறைக்குக் கொண்டுபோய், விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியை நிறுத்திப் பாருங்கள். பகல் 2 மணியளவில் 30 முதல் 45 நிமிடம் படுக்க வைப்பதும் மாலைக் கோபத்தைக் குறைக்கும்.

கத்தத் தொடங்கிவிட்டால் விளக்கம் சொல்லாதீர்கள். அந்த நேரம் காது கேட்கும், கருத்து ஏறாது. குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள். கைக்கு எட்டாத தூரத்தில், நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், வாசல் உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். தனியே விடுவது பாதுகாப்பு என்றால் பத்து நிமிடம் வெளியே போய்விடுங்கள். திரும்பி வந்து பழையதைத் தோண்டாமல், "தேத்தண்ணி போடட்டா?" என்று புதிதாகத் தொடங்குங்கள். பலருக்கு நடந்தது நினைவிலேயே இருக்காது. உங்களுக்கு நினைவிருக்கும், வலிக்கும். அந்த வலியைப் பிறகு வேறொருவரிடம் சொல்லி ஆற வேண்டும். அவரிடம் மன்னிப்பை எதிர்பார்த்தால் இன்னொரு முறை காயப்படுவீர்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிரசெட்டம் குளிசை சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அது தொடங்கிய பிறகு குணம் மோசமானால் திகதியோடு டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்புக் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் நீண்ட வலிப்பு வரலாம், அது உயிருக்கு ஆபத்து.

கை நீட்டுகிறார். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காயம் காரணம் என்பதற்காக அடி வாங்க வேண்டியதில்லை. கத்தி, மண்ணெண்ணெய், அம்மிக்குழவி போன்றவற்றை அவர் புழங்கும் இடத்திலிருந்து எடுங்கள். சமைக்காத நேரம் கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரில் மூடுங்கள். பூட்டக்கூடிய ஓர் அறையையும், அழைத்தால் ஐந்து நிமிடத்தில் வரக்கூடிய ஓர் அயலவரையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். உடனடி ஆபத்துக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அடுத்த கிளினிக்கில் "கோபப்படுகிறார்" என்று மென்மையாகச் சொல்லாமல், "இந்த மாதம் மூன்று தரம் அடித்தார்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். அப்போதுதான் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

இரவில் தொடர்ந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடிவதில்லை.

முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான். தூக்கம் இல்லாவிட்டால் கீழே சொல்லியிருக்கும் வேறெதுவும் பயன் தராது.

படுக்கையில் இருப்பவரை 2 மணிக்கொரு முறை புரட்டச் சொல்லியிருப்பார்கள். புண் வராமல் இருக்க அது அவசியம். ஆனால் காற்று மெத்தை இருந்து, தோலும் சிவக்காமல் இருந்தால் இரவில் மட்டும் இடைவெளியைக் கூட்டலாமா என்று தாதியிடமோ டொக்டரிடமோ கேளுங்கள். பலருக்கு அனுமதி கிடைக்கும். காலையில் புட்டம், இடுப்பு எலும்பு, குதிக்கால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

மூக்குக் குழாயால் உணவு கொடுப்பவர்கள் நேரத்தை மாற்றக் கேட்கலாம். காலை 6, 9, 12, பிற்பகல் 3, மாலை 6, இரவு 9 என்று ஆறு வேளையாக அமைத்தால் இரவு 10க்குப் பிறகு உணவு வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் குழாயில் போட்ட அடையாளம் மூக்கின் ஓரத்தில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கும்போதும் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். முடிவில் டொக்டர் சொன்ன அளவு தண்ணீரால் குழாயைக் கழுவுங்கள், வழக்கமாகச் சுமார் 30 மில்லிலீற்றர். இருமல், மூச்சிழுப்பு, முகம் நீலமாதல் எதுவானாலும் உடனே நிறுத்துங்கள்.

பிறகு முறை. கிழமையில் இரண்டு இரவாவது நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுக்க வேண்டும். ஒரே அறையில் படுத்து "நீ தூங்கு, நான் பார்க்கிறேன்" என்றால் நீங்கள் தூங்க மாட்டீர்கள். ஒவ்வொரு முனகலுக்கும் காது விழித்துக்கொள்ளும்.

"நீதானே பெண்சாதி" என்று எல்லோரும் ஒதுங்கிவிடுகிறார்கள். எப்படிப் பங்கு போடுவது?

"உதவி தேவையென்றால் சொல்லு" என்று சொந்தக்காரர் சொல்வது மனதார இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையில் நாளும் இல்லை, நேரமும் இல்லை. களைத்துப்போனவருக்கு உதவி கேட்பதே இன்னொரு வேலை. ஒரு தாளில் ஏழு நாளையும் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெயர் எழுதுங்கள். "செவ்வாய் பின்னேரம் 4 முதல் 6 வரை தம்பி", "ஞாயிறு காலை மாமி" என்று. தாளைச் சுவரில் ஒட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பெயர் போட்ட கட்டத்தை ஆட்கள் காப்பாற்றுவார்கள். பொதுவாகச் சொன்ன உதவி காற்றில் போய்விடும்.

உங்களுக்கான ஓய்வும் அந்தத் தாளிலேயே, மருந்து நேரம் எழுதும் அதே மையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், கிழமைக்கு ஒரு அரை நாள். இதைவிடக் குறைத்தால் உடம்பு தாங்காது. "வேலை முடிந்தால் ஓய்வு" என்று வைத்தால் ஓய்வு வராது. இந்த வேலை முடிவதில்லை.

லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்களிடம் மொத்தமாகக் காசு கேட்பதைவிடக் குறிப்பிட்ட செலவைக் கொடுங்கள். இரவு ஆள் ஒருவரின் மாதச் சம்பளம், அல்லது மாதத்துக்குத் தேவையான பம்பர்ஸ். இன்னொன்றும் அவர்களால் முடியும். தினம் ஒரே நேரத்தில் வீடியோவில் வந்து அவரோடு இருபது நிமிடம் கதைப்பது. அந்த இருபது நிமிடம் உங்களுக்குக் குளிக்கும் நேரம். "எப்படி இருக்கிறார்?" என்று ஆளாளுக்கு உங்களை அழைத்தால் ஒரே பதிலைப் பத்துத் தரம் சொல்ல வேண்டிவரும். செய்தி சொல்லும் பொறுப்பை ஒரு மச்சானிடமோ மருமகளிடமோ விட்டுவிடுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் ஒரு மாதத்தில் போய்விடுகிறார்கள்.

பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான் தவறு நடக்கிறது. ஆளை விட்டுவிட்டு உடனே வெளியே போகாதீர்கள். முதல் நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், இரண்டாம் நாள் அவர் செய்ய நீங்கள் பாருங்கள், மூன்றாம் நாள் அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள். காயப்பட்டவர் எதற்குக் கோபப்படுவார், எதற்குச் சிரிப்பார் என்பதை ஒரு பக்கத்தில், வந்தவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுங்கள். அடையாள அட்டைப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வு நாளை முதலிலேயே பேசி முடியுங்கள்.

தூக்கும் முறையை ஆளுக்கும் உங்களுக்கும் பிஸியோவிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள். சக்கரக் கதிரை காயப்பட்டவரின் பலமான பக்கத்தில், பிரேக் போட்டு, கால் தட்டு மடித்து இருக்க வேண்டும். அவருடைய பாதம் தரையில் பதிந்து முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். உடம்பை முன்னே சாயவிட்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்லி எழுப்புங்கள். வளைய வேண்டியது உங்கள் முழங்கால். முதுகு நேராக இருக்கட்டும். பலமில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகலாம். நாரி பிடித்துப் படுத்துவிடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

கிளினிக்கில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றும் விளங்காமல் வருகிறேன்.

போவதற்கு முந்திய இரவு மூன்று கேள்வி மட்டும் எழுதுங்கள். பத்து எழுதினால் ஒன்றுக்கும் பதில் வராது. டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, ஸ்கேன் படங்கள், மருந்துப் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் போனில் படமும் எடுத்துவையுங்கள். மழையில் நனைந்த டயக்னோசிஸ் கார்டால் அலைந்தவர்கள் உண்டு. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாவைப் பற்றிய கெட்ட செய்தியை முதலில் அந்தப் பிள்ளை கேட்டு, அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதாகிவிடும்.

பயிற்சிக்கு ராகமையில் வாத நோய் மற்றும் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. கோட்டையிலிருந்தும் மருதானையிலிருந்தும் ரயில் உண்டு. அங்கே அனுப்ப முடியுமா என்று உங்கள் டொக்டரிடம் நீங்களே கேளுங்கள். நடை தவிர, அன்றாட வேலைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தேவையா என்றும் கேளுங்கள்.

எனக்கு வந்திருப்பது களைப்பா, மனச்சோர்வு நோயா?

இரண்டு கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். கடந்த 2 கிழமையில், எதிலும் விருப்பமோ சந்தோஷமோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தேன்? மனம் தாழ்ந்து, நம்பிக்கை அற்று எத்தனை நாள் இருந்தேன்? இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்டத் தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டரைப் பார்க்க வேண்டும். வேறோர் அடையாளமும் உண்டு. களைப்பு, ஒரு நல்ல தூக்கத்துக்குப் பிறகு குறையும். மனச்சோர்வு அப்படிக் குறையாது.

நம்மவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, வயிற்றெரிவு என்றுதான் டொக்டரிடம் போகிறோம். பெனடோலும் அமிலக் குளிசையும் வாங்கி வருகிறோம். இந்த முறை "வீட்டில் தலைக்காயம் பட்டவரைப் பார்க்கிறேன், தூக்கமில்லை, அழுகிறேன்" என்று அப்படியே சொல்லுங்கள். பாமசியில் தூக்கக் குளிசையைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பழக்கமாகிவிடும், இரவில் அவர் விழுந்தாலும் உங்களுக்குக் கேட்காது.

சாக வேண்டும் என்றோ, இருவரும் சேர்ந்து போய்விட்டால் நல்லது என்றோ எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம். 1333 இலக்கத்திலும் ஆறுதலாகக் கேட்பார்கள். இப்படி எண்ணம் வருவதற்காக உங்களை யாரும் கெட்டவர் என்று எழுதிவைக்கப் போவதில்லை. அளவுக்கு மீறிச் சுமந்தவர்களுக்கு வரும் எண்ணம் அது, சிகிச்சையால் குறையும்.

அவர் உயிரோடு இருக்கிறார். ஆனாலும் செத்த வீடு போல அழுகை வருகிறது. இது பாவமா?

பாவமில்லை. ஆள் முன்னால் இருக்க, நீங்கள் கலியாணம் செய்த அந்த மனிதர் இல்லாமல் போயிருக்கிறார். இறந்தால் எட்டுச் செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, வந்து கட்டிப்பிடித்து அழ ஆட்கள் உண்டு. இந்த இழப்புக்குச் சடங்கு இல்லை. அதனால்தான் துக்கம் முடியாமல் நீள்கிறது. பழைய படங்களை ஒளித்துவைக்க வேண்டாம். "முந்தி இப்படி இருந்தார்" என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அழுங்கள், ஆனால் அவர் காதில் விழாமல்.

கணவன் குழந்தை மாதிரி ஆனபிறகு பக்கத்தில் படுக்கவே மனம் வராமல் போவதும், அதற்கு மாறாக அவர் நேரம் காலம் பாராமல் நெருங்குவதும் இந்தக் காயத்தில் சாதாரணம். மறுப்பது உங்கள் உரிமை. பெண் டொக்டரிடம் தனியே கதைக்கலாம்.

மாமியார் செய்வினை என்கிறார். கோவில், நேர்த்தி என்று அலைகிறோம்.

கோவிலுக்குப் போங்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடமோ கொட்டாஞ்சேனை முத்துமாரியிடமோ மனசைக் கொட்டிவிட்டு வருவது பலருக்கு மெய்யான ஆறுதல். அவரைக் கூட்டிப்போவதானால் திருவிழா நெரிசலைத் தவிர்த்து, வெயிலும் கூட்டமும் இல்லாத காலை நேரத்தில் போங்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், கடன் வாங்கிப் பூசை செய்யச் சொல்பவரிடமும் மட்டும் போகாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு வைப்பதால் ஒன்றும் ஆகாது. பல்லுக்கிடையில் எதையும் வைக்காமல், பக்கவாட்டில் திருப்பிவிட்டு, நேரத்தைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

உண்மையை, வயதுக்கு ஏற்ற அளவில். "அப்பாவின் மூளையில் காயம், அதனால்தான் கத்துகிறார், உன்னால் இல்லை." கடைசி இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் தங்கள் குறும்பால்தான் அப்பா மாறிவிட்டார் என்று மனதுக்குள் நம்புவார்கள். வகுப்பாசிரியருக்கும் தெரியட்டும்.

சம்பளம் நின்றுவிட்டது. ஏதாவது தாளில் அவரிடம் ஒப்பம் வாங்கி வைக்கலாமா?

அவருக்கு விளங்காத நிலையில் வாங்கிய ஒப்பம் பிறகு செல்லாமல் போகும், குடும்பத்துக்குள் வழக்கும் வரும். புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே கேளுங்கள். வேலை நேரத்தில் நடந்த விபத்தென்றால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கோரலாம், நாளைக் கடத்தாதீர்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று மருத்துவச் சான்று இருந்தால் ஊழியர் சேமலாப நிதியை வயதுக்கு முன்பே எடுக்க விண்ணப்பிக்கலாம். அஸ்வெசும, மாற்றுத்திறனாளி உதவி, சக்கரக் கதிரை போன்றவற்றுக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

இரவில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்?

ஒவ்வொரு அசைவுக்கும் பயந்தால் நீங்கள் தூங்கவே முடியாது. ஆகவே இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வந்தால், அல்லது ஒன்று முடிந்து தெளியாமல் அடுத்தது வந்தால். எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், வழக்கத்தைவிடக் கூடிய உறக்கம். கூடிக்கொண்டே போகும் தலையிடியோடு திரும்பத் திரும்ப வாந்தி. ஒரு கண்மணி மட்டும் பெரிதாதல். புதிதாக ஒரு கையோ காலோ தளர்தல். மண்டையோட்டுத் துண்டை எடுத்தவருக்கு அந்த இடம் இறுகி வெளியே வீங்குதல். இவற்றில் எது நடந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு இல்லை. விலாசத்தையும் பக்கத்திலுள்ள ஒரு அடையாளத்தையும் சிங்களத்தில் எழுதி அதே தாளில் வையுங்கள், பதறும்போது சொல்ல வராது.

நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்படாமல், குழப்பம் மெதுவாகக் கூடினால் மூளைக்குள் நீர் சேர்கிறதோ என்று பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அந்தக் கிழமையே போங்கள். முனகல், புலம்பல், தூக்கத்தில் கை உதறல், இரவு மூன்று மணிக்கு "இது யார் வீடு?" என்று கேட்பது, இவற்றுக்கு ஓட வேண்டியதில்லை. சின்ன விளக்கொன்றைப் போட்டு, "இது எங்கட வீடுதான், படுங்கோ" என்று சொன்னால் போதும்.